எண்ணும் இசையும்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது பழமொழி. முன்னோர் அரிசியைக் கொத்தால் அளந்தனர். காணியைப் பரப்பால் அளந்தனர். பூச்சரத்தை முழத்தால் அளந்தனர். ஒலியையும் அளக்கலாம், அளந்ததை எண்ணாக எழுதி வைக்கலாம், எழுதிய எண்ணை மீண்டும் பாட்டாகக் கேட்கலாம் என்பது அந்நாளில் எவருக்கும் தோன்றியிராது. இன்றோ வீட்டில் ஒலிக்கும் இசையில் பெரும்பகுதி எண்களாகவே வீட்டுக்குள் நுழைகின்றது. கைத்தொலைபேசியில் வருவதும் எண். தொலைக்காட்சியில் வருவதும் எண். இறுவட்டில் பதிந்திருப்பதும் எண்ணே. அந்த எண்களை மின்னலையாக மாற்றித் தருவது ஒரு சிறு கருவி. அதன் நீண்ட ஆங்கிலப் பெயரைச் சுருக்கிக் கடைக்காரர் 'டக்' என்பர். தமிழில் எண்ணொலி மாற்றி எனலாம். வீட்டுத் தேவைக்கு ஏற்றதாகவும், கைக்கு அடக்கமான விலையிலும் அதனைத் தெரிவு செய்வது எவ்வாறு என்பதே இப்பேச்சின் பொருள்.

இலங்கையின் வடகோடியில் உள்ள பருத்தித்துறை, கேள்விச் செல்வம் உடைய ஊர். வல்லிபுர ஆழ்வார் கோயிலின் கடல் தீர்த்தத்துக்குத் திரளும் மக்கள், சுவாமியை மட்டும் காண வருபவரல்லர். நாதசுரத்தையும் தவிலையும் செவியாரக் கேட்டுத் தலையசைக்கவும் வருபவர். 1925 ஆம் ஆண்டில் கொழும்பிலே வானொலி தொடங்கியது. பின்வந்த ஆண்டுகளில் வடமராட்சியின் திண்ணைகளிலும் அதன் குரல் கேட்கலாயிற்று. 1990 ஆம் ஆண்டின் பின்னர், மின்சாரமும் இல்லாமல் மின்கலங்களும் கிடைக்காமல் குடாநாடு இருளில் இருந்த ஆண்டுகளில், சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோ தந்த சிறு மின்சாரத்தில் வானொலி கேட்டவர் இம்மக்கள். ஒலியின் அருமையை அவர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒலிக்காக எவ்வளவு செலவிடலாம் என்பதைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கின்றது.

பருத்தித்துறைக் கடற்கரைக்கு அண்மையில் உள்ள வீடொன்றை மனத்திலே அமைத்துக் கொள்ளலாம். வீட்டின் பெரியவர் ஓய்வுபெற்ற இலிகிதர். கூடத்தில் ஓர் அம்பிளிபயரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் உண்டு. 1980களில் வளைகுடா நாட்டில் வேலை செய்த தம்பி கொண்டுவந்து கொடுத்தவை. அலுமாரியிலே நாற்பது ஒலிநாடாக்கள். அவற்றுள் கோயில் திருவிழாக் கச்சேரிகள் சில. 1975 இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் வாசிப்பு, ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரதி எடுக்கப்பட்டு வந்தது ஒன்று. பெரியவரின் மறைந்த மனைவி தேவாரம் பாடியது ஒன்று. அண்மையில் அவ்வீட்டுக்குப் புதிய தொலைக்காட்சி வந்தது. அதனைப் பழைய அம்பிளிபயரோடு இணைக்கப் பேரன் முயன்றான். சிவப்பும் வெள்ளையுமான பழைய துளைகள் புதிய தொலைக்காட்சியில் இல்லை. வெளிநாட்டிலுள்ள மகன், விலையுயர்ந்த மாற்றி ஒன்றை வாங்கி அனுப்புவதாகச் சொன்னார். பெரியவரோ, அவ்வளவு பணத்தை அந்தச் சிறு பெட்டிக்குக் கொடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்டார். அக்கேள்வி நியாயமானது. அதற்கு விடை காண, அக்கருவி செய்யும் வேலையை முதலில் அறிதல் வேண்டும்.

கடலோரத்திலே அளவு குறித்த கழியொன்றை நட்டு, நீர்மட்டம் எந்தக் குறியில் நிற்கின்றது என்பதை இடைவிடாது ஒருவர் பார்த்து எழுதுவதாகக் கொள்வோம். அந்தக் குறிப்பேடு வேறோர் ஊருக்குப் போகின்றது. அங்கே ஒருவர், குறித்த எண்களைப் புள்ளிகளாக இட்டு, அவற்றை வளைகோட்டால் இணைக்கின்றார். பருத்தித்துறைக் கடலின் அலை அங்கே தாளில் எழுகின்றது. எழுதியவரின் வேலை, பாட்டைப் பதிவு செய்யும் நிலையத்தின் வேலை. வளைகோட்டை மீட்பவரின் வேலை, மாற்றியின் வேலை.

இறுவட்டிலே ஒலியானது ஒவ்வொரு விநாடிக்கும் 44,100 முறை அளக்கப்படுகின்றது. அளவுக் கழியிலே 65,536 படிகள் உண்டு. இதனையே 16 பிட் என்பர். இடையிடையே அளந்தால் நடுவிலுள்ள அலை தப்பிப் போகாதா என்ற ஐயம் எழுவது இயல்பு. 1928 இல் ஹாரி நைக்விஸ்ட்டும், 1949 இல் குளோட் ஷனனும் வெளியிட்ட ஆய்வுகள் அந்த ஐயத்தைப் போக்கின. ஓர் ஒலியில் அடங்கிய மிக விரைந்த அதிர்வைப்போல் இருமடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் அளந்தால், அந்த அலையைக் குறைவின்றி மீட்கலாம் என்பது அவற்றின் முடிபு. மனிதச் செவி கேட்கக் கூடிய மேல் எல்லை, விநாடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வு. ஐம்பது வயதைக் கடந்தவர்க்கு அவ்வெல்லை இன்னும் தாழ்ந்துவிடும். எனவே 44,100 என்பது தற்செயலாக எழுந்த எண்ணன்று. செவியின் அளவறிந்து வகுத்த எண்.

ஒலியை இவ்வாறு எண்ணாக்கும் முறைக்கு அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் 1938 இல் பிரான்சிலே காப்புரிமை கோரினார். அது வீட்டுக் கூடத்தை அடைய நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. சொனி நிறுவனத்தின் முதல் இறுவட்டு இயக்கி 1982 ஒக்டோபரில் யப்பானிலே விற்பனைக்கு வந்தது. அதே காலத்தில் வெளிவந்த பிலிப்ஸ் நிறுவனத்தின் இயக்கியில் இருந்த மாற்றி, 16 பிட்டும் உடையதன்று; 14 பிட்டே உடையது. இருப்பினும், ஒவ்வோர் எண்ணுக்கும் இடையே மேலும் எண்களைக் கணித்துச் சேர்க்கும் உபாயத்தால் அது சிறப்பாகவே ஒலித்தது. பெரிய எண்ணைக் கொண்டதே சிறந்த கருவி என்று எண்ணுவோர் நினைவிற் கொள்ள வேண்டிய செய்தி இது.

அந்நாளில் இத்தகைய இயக்கி செல்வர் வீட்டுப் பொருள். இன்றோ நிலைமை முற்றிலும் வேறு. 2016 இல் ஐபோன் 7 வெளிவந்தபோது, காதணி ஒலிப்பானைச் செருகும் துளை அதிலே நீக்கப்பட்டது. அத்துளைக்கு ஈடாக அப்பிள் நிறுவனம் ஒரு சிறு வடத்தைக் கொடுத்தது. தனியே அதன் விலை அப்போது 9 டொலராக இருந்தது. 2018 இல் வேறு வகைத் தொலைபேசிக்கும் கணினிக்கும் ஏற்ற வடமும் வந்தது. விரலளவுகூட இல்லாத அந்த வடத்தின் நுனிக்குள் ஒரு முழுமையான மாற்றி அடங்கியிருக்கின்றது. அளவுகருவி கொண்டு சோதித்தவர், அதன் பிழையும் இரைச்சலும் செவிக்கு எட்டாத அளவு சிறியவை எனக் கண்டனர். இந்தத் துறையிலே திறமை மலிந்துவிட்டது. ஆதலால், வாங்குபவர் 'எது மிகச் சிறந்தது?' என்று கேட்பதிலும் 'என் வீட்டுக்கு எது பொருந்தும்?' என்று கேட்பதே பயனுடைத்து.

முதற் கேள்வி: மாற்றி ஒன்று வேண்டுமா? காதணி ஒலிப்பானுக்குத் துளையுடைய தொலைபேசியிலும் மடிக்கணினியிலும் மாற்றி முன்னரே உள்ளது. அங்கிருந்து அம்பிளிபயருக்கு ஒரு சாதாரண வடத்தை இணைத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும். இரைச்சலும் முரலலும் இன்றிப் பாட்டுத் தெளிவாகக் கேட்குமாயின், புதிய மாற்றிக்குச் செலவிடும் பணம் ஆற்றிலே அளவாமற் போட்ட பணமே ஆகும். துளை இல்லாதபோதும், உள்ளே இருக்கும் மாற்றி இரையும்போதும் மட்டுமே கடைக்குச் செல்லல் வேண்டும்.

இரண்டாவது கேள்வி: எண் எந்த வழியாக வருகின்றது? முக்கிய வழிகள் மூன்று. தொலைபேசியிலும் கணினியிலும் இருந்து யூ.எஸ்.பி. வடத்தால் வரும். தொலைக்காட்சியில் இருந்து பெரும்பாலும் ஒளியிழை வடத்தால் வரும். பழைய இறுவட்டு இயக்கி சிலவற்றில் இருந்து ஓரச்சு வடத்தால் வரும். மாற்றியின் பின்புறத்தில் எந்தத் துளை உண்டு என்பதைப் பார்க்காமல் வாங்குவோர் பலர். சிறிய மாற்றிகள் சிலவற்றில் யூ.எஸ்.பி. துளை இருக்கும், ஆனால் அது மின்சாரம் பெறுவதற்கு மட்டும் உரியது, பாட்டு அதன் வழியே செல்லாது. அத்தகைய ஒன்றைக் கணினிக்கு வாங்கியவர், ஊமையைப் பாடச் சொன்னவர் ஆவர்.

தொலைக்காட்சிக்கு வாங்குவோர் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒளியிழை வழியே வெளியேறும் ஒலியைப் பல வடிவங்களில் அனுப்பத் தொலைக்காட்சியால் இயலும். எளிய மாற்றிகள் பெரும்பாலும் 'பி.சி.எம்.' என்ற ஒரே வடிவத்தையே புரிந்து கொள்ளும். தொலைக்காட்சியின் ஒலி அமைப்புப் பகுதியிலே 'பி.சி.எம்.' என்பதைத் தெரிவு செய்யாவிட்டால், மாற்றி மௌனம் சாதிக்கும், அல்லது கரகரக்கும். கருவி பழுது என்று கடைக்குத் திருப்பி அனுப்பப்படும் பெட்டிகளுள் சில, உண்மையிலே பழுதற்றவை. ஒளியிழைக்கு ஒரு தனிச் சிறப்பும் உண்டு. அதன் வழியே ஒளி மட்டும் செல்லும், மின்சாரம் செல்லாது. ஆதலால் இரு கருவிகளின் நிலத்தொடுப்புக்கு இடையே எழும் 'ம்ம்ம்' என்ற முரலல் அவ்வழியாக நுழைய இயலாது.

மூன்றாவது கேள்வி: வெளியேறும் மின்னலை எங்கே போகின்றது? அம்பிளிபயருக்கு உரிய மாற்றி ஏறக்குறைய 2 வோல்ற் அளவுக்கு மின்னலையைத் தரும். தொலைபேசி வடத்திலுள்ள சிறு மாற்றிகள் 1 வோல்ற்றோ அதனினும் குறைவாகவோ தரும். பெரும்பாலான அம்பிளிபயர்களுக்கு இவ்விரண்டும் போதும். முன்னதற்கு ஒலிக்குமிழைச் சற்றுக் குறைத்தும், பின்னதற்குச் சற்றுக் கூட்டியும் வைத்துக் கொள்ளலாம். பழைய அம்பிளிபயரின் பின்புறத்திலே 'போனோ' என்று எழுதிய துளை ஒன்று இருக்கும். அது இசைத்தட்டுச் சுழற்றிக்கே உரியது. மிக நலிந்த மின்னலையைப் பன்மடங்கு பெருக்குவது. மாற்றியை அங்கே செருகினால் பாட்டு உடைந்து அலறும். 'ஒக்ஸ்' அல்லது 'சி.டி.' என்று குறித்த துளையே மாற்றிக்கு உரிய வாசல்.

நான்காவதாக, விளம்பரத்திலே கொட்டை எழுத்தில் வரும் எண்களைப் பற்றி அறிதல் வேண்டும். 24 பிட் என்றால் படிகள் 1,67,77,216. 32 பிட் என்றால் படிகள் நானூறு கோடிக்கும் மேல். கேட்பதற்கு மலைப்பாக இருக்கும். ஆனால் இன்று செய்யப்படும் மிகச் சிறந்த மாற்றிகளின் சுற்றுகளும், மின்னணுக்களின் இயல்பான இரைச்சலால், ஏறக்குறைய 21 பிட் அளவிலேயே நின்றுவிடுகின்றன. இறுவட்டின் 16 பிட்டோ, மிக மெல்லிய ஒலிக்கும் மிக வல்லொலிக்கும் இடையே 96 டெசிபெல் இடைவெளியைத் தருகின்றது. தவிலின் முழு வீச்சையும் ஒரு வீட்டுக் கூடத்திலே கேட்பதற்கு அது தாராளம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர். இங்கே மிஞ்சிய எண் செவிக்கு நஞ்சாகாது. பணப்பைக்கு மட்டும் நஞ்சாகும்.

உள்ளேயிருக்கும் சில்லின் பெயரைக் கேட்டு மயங்குவோரும் உண்டு. 2020 ஒக்டோபரில் யப்பானின் நொபெயோகா நகரிலே, அசாகி கசேய் நிறுவனத்தின் தொழிற்சாலையில் பெருந்தீ மூண்டது. மாற்றிக்குரிய புகழ்பெற்ற சில்லுகள் அங்கே செய்யப்பட்டு வந்தன. சில்லு கிடைக்காமற் போகவே, கருவி செய்வோர் பலர் வேறு நிறுவனங்களின் சில்லுகளுக்கு மாறினர். சுற்றைத் திருத்தி அமைத்தனர். கருவிகள் முன்போலவே நன்றாகப் பாடின. ஒரு சில்லிலேயே இசையின் உயிர் இருக்கின்றது என்ற நம்பிக்கைக்கு அந்நிகழ்ச்சி தக்க விடை. நல்ல சமையலுக்கு அரிசி ஒன்றே காரணமாவதில்லை, கைப்பக்குவமும் வேண்டும். சில்லைச் சுற்றியுள்ள மின்வழங்கலும் வெளியீட்டுச் சுற்றும் அந்தக் கைப்பக்குவம் போன்றவை.

ஐந்தாவதாக, ஊரின் இயல்பையும் கருத வேண்டும். பருத்தித்துறையிலே உப்புக் காற்று ஓய்வதில்லை. செருகிகளிலும் துளைகளிலும் களிம்பு படியும். பாட்டிலே கரகரப்பு எழும். அதற்கு மாற்றியைக் குறை கூறுவதற்கு முன்னர், மின்சாரத்தை நிறுத்திச் செருகியைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து மீண்டும் செருகிப் பார்க்க வேண்டும். மின்சாரத்தையும் மறந்துவிடலாகாது. 2022 மார்ச் மாத இறுதியிலே நாடு முழுவதிலும் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு நிகழ்ந்ததை எவரும் மறந்திரார். 5 வோல்ற்றில் இயங்கும் மாற்றியைத் தொலைபேசிக்கு மின்னேற்றும் கருவியாலும் இயக்கலாம், மின்வங்கியாலும் இயக்கலாம். அது பழுதுபட்டால் மாற்றுக் கருவி ஊர்க் கடையிலேயே கிடைக்கும். தனக்கென்று தனி மின்வழங்கி வேண்டும் பெட்டிக்கு அந்த வசதி இல்லை. வெளிநாட்டில் இருந்து தருவிப்போர், சுங்கத் தீர்வையையும், பழுதானால் திருப்பி அனுப்பும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுதல் நன்று.

இவ்வளவும் கேட்ட பின்னும், 'விலையுயர்ந்த கருவியின் ஒலி இனிமையாகவே கேட்கின்றதே' என்று சிலர் கூறுவர். அவர் பொய் கூறவில்லை. செவி அவரை ஏமாற்றுகின்றது. இரண்டு ஒலிகளுள் சற்று உரத்ததே சிறந்தது என்று செவி தீர்ப்புக் கூறும். 2 வோல்ற் தரும் பெட்டியையும் 1 வோல்ற் தரும் வடத்தையும் ஒலிக்குமிழைத் தொடாமல் மாற்றிக் கேட்டால், பெட்டியே வெல்லும். முதலில் இரண்டின் ஒலியையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பின்னர், எது இணைக்கப்பட்டிருக்கின்றது என்பதைச் சொல்லாமல் வீட்டிலுள்ள ஒருவர் மாற்றி மாற்றி இணைக்க வேண்டும். கேட்பவர் பத்து முறை கூறிய விடையை எழுதிப் பார்க்க வேண்டும். விலை தெரியாதபோது செவி கூறும் தீர்ப்பே நேரிய தீர்ப்பு.

மனத்திலே அமைத்த வீட்டுக்கு மீண்டும் வருவோம். அங்கே தேவை, தொலைக்காட்சியின் ஒளியிழையை ஏற்று, சிவப்பு வெள்ளைத் துளைகளால் வெளியிடும் ஒரு சிறு மாற்றி. உள்ளங்கையில் அடங்கும் அத்தகைய கருவியே போதும். பேரன் தொலைக்காட்சியில் 'பி.சி.எம்.' என்று மாற்றி வைக்கின்றான். பெரியவர் அம்பிளிபயரின் குமிழைத் திருகுகின்றார். பாட்டு வருகின்றது. மகன் அனுப்ப எண்ணிய பணத்தின் பெரும்பகுதி மீந்து நிற்கின்றது. அதை என்ன செய்வது?

ஒரு பகுதியை ஸ்பீக்கருக்குச் செலவிடலாம். மின்னலை காற்றலையாகும் இடம் அதுவே. ஒன்றுக்கொன்று வேறுபாடு செவிக்கு நன்கு புலனாவதும் அங்கேதான். செலவின்றிச் செய்யக்கூடியதும் உண்டு. சுவர் மூலையிலே ஒடுக்கி வைத்த பெட்டிகளைச் சற்று வெளியே எடுத்து, அமர்ந்தவரின் செவி உயரத்துக்கு உயர்த்தி வைத்தாலே, மாற்றியை மாற்றுவதால் வாராத தெளிவு வந்து சேரும்.

எஞ்சிய பணத்துக்கு உரிய இடம் அலுமாரி. அங்கே உறங்கும் நாற்பது ஒலிநாடாக்களும் ஆண்டுதோறும் நலிந்து வருகின்றன. ஈரக் காற்று அவற்றைப் பூஞ்சணம் பிடிக்கச் செய்யும். காந்தப் பூச்சு உதிரும். நாடாவை ஓட்டும் இயந்திரங்களும் அருகிவிட்டன. எண்ணை ஒலியாக்கும் மாற்றியை அடுத்த ஆண்டிலும் வாங்கலாம்; அப்போது விலை இன்னும் குறைந்திருக்கவும் கூடும். ஒலியை எண்ணாக்கிப் பாதுகாக்கும் வேலையோ காத்திருக்காது. அது எதிர்த்திசை வேலை. அதற்குப் பதிவு உள்ளீடு உடைய கருவி வேண்டும். வெளியீடு மட்டும் உடைய மாற்றி அதனைச் செய்யாது என்பதையும் வாங்குமுன் அறிந்திருத்தல் வேண்டும். நாடாவை ஓட்டும் இயந்திரத்தின் தலையைத் துடைத்துத் தூய்மை செய்து, நாடாவை ஒருமுறை முழுவதும் ஓட்டி மீட்டு, பின்னர் நிதானமாகப் பதிவு செய்ய வேண்டும். பதிந்ததை ஓரிடத்தில் மட்டும் வையாமல், ஈரிடங்களில், கூடுமானால் வேறு வேறு வீடுகளில் வைத்தல் நலம்.

உலகிலேயே விலையுயர்ந்த மாற்றியும் பதியப்படாத ஒலியை மீட்டுத் தர வல்லதன்று. கழியருகே நின்று எவரும் எழுதி வையாத அலையை எந்த வளைகோடும் வரைந்து காட்டாது. தெட்சணாமூர்த்தியின் தவிலாயினும், வீட்டுத் தலைவி பாடிய தேவாரமாயினும், அழிவதற்கு முன் எண்ணாகினால், எளிய மாற்றி ஒன்றே அதனைப் பேரர்க்கும் அவர்தம் பேரர்க்கும் கேட்கச் செய்யும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடச் சொன்ன முன்னோர், அளந்து மீத்ததை எங்கே இடுவது என்பதையும் ஆராய்ந்தே இட்டனர். ஒலிக்கருவி வாங்கப் புறப்படும் நேயர்கள், கடைக்குப் போகுமுன் ஒருமுறை அலுமாரியைத் திறந்து பார்ப்பார்களாக.